தமிழ்நாட்டில் மனச்சிதைவு நோயாளரின் மருத்துவமனைவாசம்

மனச்சிதைவு என்பது, பிறர் காதில் விழாத குரல்கள் கேட்பது, ஆதாரமற்ற நம்பிக்கைகளை விடாப்பிடியாகக் கொண்டிருப்பது, பேச்சும் சிந்தனையும் தொடர்பறுவது, எதிலும் நாட்டம் குன்றுவது முதலிய அறிகுறிகளோடு பெரும்பாலும் இளம்வயதில் தொடங்கும் கடுமையான மனநோய் ஆகும். உலகில் ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவர் இதனால் பாதிக்கப்பட்டிருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. இந்நோயாளர் மருத்துவமனையில் எத்தனை காலம் இருப்பார் என்பதைத் தமிழ்நாட்டில் நோயின் கடுமை மட்டும் தீர்மானித்ததில்லை. நடைமுறையிலிருந்த சட்டமும், கிடைத்த மருந்தும், அவற்றுக்கும் மேலாக வீட்டுக்கு அழைத்துச் செல்ல ஆள் வருவார்களா என்பதுமே தீர்மானித்துவந்தன.

சென்னையில் 1794ஆம் ஆண்டு அறுவை மருத்துவர் வாலன்டைன் கொனோலி தொடங்கிய மனநோயாளர் காப்பகமே, பின்னர் 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம்பெயர்ந்து, 1978 முதல் மனநலக் கழகம் என்ற பெயரில் இயங்கிவரும் அரசு மருத்துவமனையின் மூலமாகும். மனச்சிதைவு தனி நோயாகப் பெயர் பெற்றது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் என்பதால், பழைய காப்பகப் பதிவேடுகளில் இந்நோயாளரைப் பிரித்தறிவது அரிது. 1858ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் இடத்துக்கு வந்த 1912ஆம் ஆண்டு இந்தியப் பைத்தியச் சட்டமும் நோயாளரை முதன்மையாக நீதிபதியின் ஆணை வழியே உள்ளே அனுப்பின. தெருவில் திரிந்தவரைக் காவலர் பிடித்துவருவதும் வழக்கமாக இருந்தது. தாமாக வந்து சேர்வதற்கு 1912ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமிருந்தபோதிலும், நடைமுறையில் மருத்துவமனை வாசல் நீதிமன்ற வாசலின் நீட்சியாகவே இருந்தது எனலாம்.

1952இல் பாரிஸ் மருத்துவர்கள் குளோர்புரோமசைன் என்னும் மருந்தை மனநோய்க்குப் பயன்படுத்தத் தொடங்கியதும், குரல்களையும் மருட்சியையும் தணித்து நோயாளரை வீட்டிலிருந்தபடியே பராமரிக்க முடியும் என்ற நிலை பிறந்தது. மாத்திரை விழுங்க மறுப்பவருக்கு, சில வாரங்களுக்கு ஒருமுறை போட்டால் போதுமான ஊசிகள் பின்னர் வந்தன. அமெரிக்காவில் 1955இல் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டிருந்த அரசு மனநல மருத்துவமனைகள் அதன்பின் படிப்படியாகக் காலியாயின. இந்தியாவிலோ காலிசெய்வதற்குப் படுக்கைகளே குறைவு. பெரும்பாலான நோயாளர் எக்காலத்திலும் வீட்டாரின் பொறுப்பிலேயே இருந்தனர். ஆகவே இங்கு மாற்றம், படுக்கைகள் குறைந்ததில் அல்லாமல் புறநோயாளிப் பிரிவுகள் பெருகியதில் வெளிப்பட்டது. கீழ்ப்பாக்கம் மருத்துவமனையில் 1961 முதல் 1978 வரை கண்காணிப்பாளராக இருந்த சாரதா மேனன் மறுவாழ்வுப் பணிக்கு முதன்மை தந்தார். 1984இல் சென்னையில் மனச்சிதைவு ஆராய்ச்சி அறக்கட்டளை (ஸ்கார்ஃப்) உருவாவதற்கும் அவரே காரணமானார்.

மேலைநாட்டு மனநல மருத்துவமனைகளில் அரிதாகக் காணப்பட்ட ஓர் ஏற்பாடு இங்கு வேர்கொண்டது. 1950களில் அமிர்தசரஸில் வித்யா சாகர் நோயாளரின் உறவினர்களை மருத்துவமனை வளாகத்தில் கூடாரமடித்துத் தங்கவைத்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் வீட்டார் ஒருவர் உடனிருக்கவேண்டும் என்பதை முறையாகவே கொண்டது. இவ்வாறு உடனிருந்தவர்கள் மருந்து கொடுக்கும் விதத்தையும் நோய் மீண்டும் தலைதூக்குவதன் அடையாளங்களையும் கற்றுக்கொண்டு திரும்பியதால், தங்கும் காலம் குறுகியது. நோயாளர் கைவிடப்படுவதும் தடுக்கப்பட்டது. சென்னையில் 1981 அளவில் முதன்முறை நோய்கண்ட 90 பேரைக் கொண்டு தொடங்கி, இருபது ஆண்டுகளுக்கும் மேல் ஆர். தாராவும் சகாக்களும் நடத்திய தொடராய்வு, நோய் விடாது நீடித்தவர் சிறுபான்மையினரே எனக் காட்டியது.

புறநோயாளிச் சிகிச்சைக்கு ஒரு குறை உண்டு: நோயாளரின் உடல்நலம் கவனிக்கப்படாமல் போகிறது. மனச்சிதைவு உடையோர் பிறரைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறக்கின்றனர். இதற்குப் பெரும்பாலும் இதயநோய், நீரிழிவு, தொற்றுநோய் முதலிய உடல்நோய்களே காரணம். சில மருந்துகள் உடல் எடையையும் இரத்தச் சர்க்கரையையும் கூட்டுகின்றன. நோயாளர் சொல்லும் வலியை மனநோயின் ஒரு கூறாக ஒதுக்கிவிடும் போக்கும் மருத்துவர்களிடையே இருக்கிறது.

வீட்டாரால் இயலாதபோது பலர் வழிபாட்டுத் தலங்களை நாடினர். 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை ஒட்டி நடந்த தனியார் காப்பகத்தின் கொட்டகையில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் மாண்டனர். இத்தகைய இல்லங்களுக்கு உரிமம் வேண்டும் என்று 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டம் கூறியிருந்தும் அது ஏர்வாடியை எட்டவில்லை. உச்ச நீதிமன்றம் தலையிட்டபின்னரே உரிமமும் கண்காணிப்பும் நடைமுறைக்கு வந்தன.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடைசெய்தது. நோயாளரின் ஒப்புதலின்றி, அவர் சார்பில் செயல்படும் நியமனப் பிரதிநிதியின் விண்ணப்பத்தின்பேரில் சேர்ப்பதை முதலில் 30 நாளுக்கு வரையறுத்து, அதற்குமேல் நீட்டிக்க மறுஆய்வு வாரியத்தின் அனுமதியைக் கட்டாயமாக்கியது. குடும்பம் இல்லை, அல்லது குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையில் வைத்திருக்கக்கூடாது என்ற விதியும் அதில் உண்டு. ஆயினும் வெளியே வாழ இடமில்லாதவருக்கு அவ்விதியால் மட்டும் பயனில்லை. சென்னையில் 1993இல் தோன்றிய பான்யன் அமைப்பு, நெடுங்காலம் உள்நோயாளராக இருந்தோரை நாலைந்து பேராக ஊருக்குள் வாடகை வீடுகளில், உதவிப் பணியாளரோடு குடியமர்த்தும் திட்டத்தை 2015 முதல் நடத்திவருகிறது.