தண்ணிக்குள் வைத்த முதல் அடி: வன்னியும் நமது விலங்கு வணிகமும்

நமது முன்னோரின் வணிகத்தைப் பற்றி எழுதும்போது எத்தனை குதிரை வந்தது, எத்தனை யானை போனது என்று கணக்குப் பார்க்கிறோம். அந்தப் பிராணிகளை முதன்முதலில் தண்ணிக்குள் இறக்கியது எப்படி என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

இளங்குதிரைக்குத் தண்ணி எண்டால் பயம். ஆழம் தெரியாத இடத்தில் அது கால் வைக்காது. அடிச்சு இறக்கினால் அடுத்த முறை கரையிலேயே நிண்டுவிடும். அடித்தரை கெட்டியான, முழங்காலுக்குக் கீழே தண்ணி உள்ள இடத்தைத் தேர வேண்டும். பழகிய மூத்த குதிரை ஒன்று முன்னே போக வேண்டும். ஏறியிருப்பவர் கடிவாளத்தைத் தளர்த்தி, குதிரை தலை தாழ்த்தி மணந்து பார்க்க இடம் கொடுக்க வேண்டும். முன்காலால் தண்ணியை அடிக்கத் தொடங்கினால் படுத்துப் புரளவும் கூடும். உடனே முன்னே நடத்திவிட வேண்டும். நீந்தும் ஆழத்தில் கடிவாளத்தை இழுப்பது ஆபத்து. பிடரியைப் பிடித்துக்கொள்வதே புத்தி.

இந்தப் பக்குவம் இல்லாவிட்டால் என்ன நட்டம்? பாண்டிய நாட்டுக்கு ஆண்டுக்கு 1,400 குதிரை அனுப்பக் கீஷ் தீவின் ஜமாலுத்தீன் உடன்பட்டிருந்தார் என்றும், குதிரைக்கு 220 தீனார் விலை என்றும், வழியில் செத்த குதிரைக்கும் அரசன் பணம் கொடுத்தான் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதினார். வந்த குதிரைகளும் பராமரிக்கத் தெரியாமல் மடிந்தன என்கிறார் மார்க்கோ போலோ. பொன் கொடுத்து வாங்கலாம். பக்குவத்தை வாங்க முடியாது.

வன்னியின் சரக்கு யானை. காட்டில் பிடித்த யானைகள் ஆனையிறவின் ஆழமற்ற களப்பைக் கடந்து யாழ்ப்பாணம் போயின. இடத்தின் பெயரே அதைச் சொல்கிறது. ஒல்லாந்தர் காலத்தில் கோல்கொண்டா முதலிய இடங்களிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர் அங்கே அவற்றை வாங்கினர். குதிரையோ நெடுந்தீவில் வளர்க்கப்பட்டது. தீவிலிருந்து வெளியே வர அதற்கும் கடலைத் தவிர வழியில்லை.

யானை பிடித்த பணிக்கர்கள் தீவின் வடக்கிலும் வடமேற்கிலும் உள்ள சோனக ஊர்களில் வாழ்ந்தவர்கள் என்று எமர்சன் டெனன்ட் 1859இல் வெளிவந்த தமது நூலில் பதிவு செய்தார். தோல் கயிற்றுச் சுருக்கும் நெஞ்சுத் துணிவுமே அவர்களுடைய ஆயுதம். புதிதாகப் பிடித்த யானையை இரண்டு பழகிய யானைகளுக்கு நடுவே பிணைத்து நீராட்டக் கொண்டுபோவதையும் அதே நூலில் காணலாம். அங்கே அங்குசத்தின் கூர்மையும் உண்டு. முழுக்க அன்பான வேலை என்று மெழுகக் கூடாது. ஆனாலும் அடிப்படை ஒன்றுதான்: பயந்த பிராணிக்குத் தைரியம் கொடுப்பது பக்கத்தில் நிற்கும் பழகிய பிராணி.

பணிக்கரின் வீரத்தை எழுதி வைத்தவர் ஒரு பிரித்தானிய அதிகாரி. அவர்கள் பிராணியோடு பேசிய சொற்களையும் முடிச்சுகளின் பெயர்களையும் அந்தந்த ஊர்ப் பேச்சில் நாம் எழுதி வைக்கவில்லை. 1990 ஒக்டோபரில் முல்லைத்தீவின் தண்ணீரூற்று உட்பட வடக்கின் முஸ்லிம் ஊர்களெல்லாம் ஒரேயடியாகக் காலியாக்கப்பட்டபோது, சனத்தோடு சேர்ந்து ஊர் ஞாபகமும் சிதறிப்போனது. காணிக்கு உறுதி தேடுகிறோம். தொழிலுக்கு உறுதி மூத்தவர்களின் வாயில்தான் இருக்கிறது. புத்தளத்திலோ திரும்பிப் போன ஊரிலோ அப்படி ஒரு அப்பா, ஒரு உம்மம்மா இருந்தால், இண்டைக்கே போய்க் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.