பின் சக்கரத்தின் பாரம்

கல்யாண வீட்டுக்குப் போகிறவர்கள் மாப்பிள்ளையைப் பார்ப்பார்கள், பெண்ணைப் பார்ப்பார்கள், பந்தியைப் பார்ப்பார்கள். பந்தல் காலை யார் பார்க்கிறார்கள்? பந்தல் சாய்ந்தால்தான் அதன் ஞாபகம் வரும். மோட்டார் வண்டியில் டயரின் கதியும் இதுதான். எஞ்சினைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவோம். அத்தனை குதிரைச் சக்தியும் பூமியைத் தொடுவது நான்கே இடத்தில், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு என்பதை மட்டும் நினைப்பதில்லை.

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு டயரில் என்ன அக்கறை என்று நேயர்கள் கேட்கலாம். முன் சக்கரத்துக்கு ஒரு டயர், பின் சக்கரத்துக்கு வேறு டயர் என்று மனிதர்கள் பொறுக்கக் கற்றுக்கொண்ட சரித்திரத்தில் உயிர்கள் போயிருக்கின்றன, வழக்குகள் நடந்திருக்கின்றன, உலகத்தின் மிகப் பெரிய மோட்டார் கம்பெனியின் தலைவர் சபை நடுவே மன்னிப்புக் கேட்டிருக்கிறார். ஒரு நாவலுக்கு வேண்டியது இதற்கு மேல் என்ன?

முதலில் விஷயத்தைப் புரிந்துகொள்வோம். மாட்டு வண்டியை மாடு முன்னாலிருந்து இழுக்கிறது. கைவண்டியை ஆள் பின்னாலிருந்து தள்ளுகிறான். நம் பழைய அம்பாஸடர் முதல் பந்தயக் கார் வரை, பின் சக்கரத்தால் ஓடுகிற வண்டி எல்லாம் கைவண்டி ஜாதி. அதில் முன் டயருக்கு முக்கிய வேலை திரும்புவது. பின் டயருக்கோ இரண்டு வேலை. வண்டியைத் தள்ளவும் வேண்டும். வளைவில் பக்கவாட்டில் நழுவாமல் பிடித்துக்கொள்ளவும் வேண்டும். டயரின் பிடிப்பு மாதச் சம்பளம் மாதிரி. மளிகைக்கு அதிகம் போனால் வாடகைக்குக் குறையும். வளைவின் நடுவே எஞ்சினை முடுக்கினால் பிடிப்பு முழுவதும் தள்ளுவதில் செலவாகி, பக்கவாட்டுக்கு மிச்சம் இல்லாமல் போகும்.

முன் டயர் முதலில் நழுவினால் வண்டி திரும்ப மறுத்து வளைவின் வெளிப்புறம் போகும். ஓட்டுகிறவன் பயந்துபோய்ச் சக்தியைக் குறைப்பான், பெரும்பாலும் பிழைத்துக்கொள்வான். பின் டயர் முதலில் நழுவினால் வால் வெளியே வீசும். வண்டி தன்னைத் தானே சுற்றிக்கொள்ளும். அதைச் சமாளிக்கப் பழகிய கை வேண்டும். ஆகையால் முன்னால் இருக்கும் பிடிப்பைவிடப் பின்னால் சற்று அதிகம் இருக்க வேண்டும் என்பது சூத்திரம். அது பிறந்ததற்கு இரண்டு கார்களின் கதையைச் சொன்னால் போதும்.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி, 1960-ம் வருஷத்து மாடலாகச் செவர்லே கார்வேர் என்ற காரை வெளியிட்டது. எஞ்சின் பின்பக்கம். வண்டியின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு பின் சக்கரங்களின் தலையில். பின் அச்சு ஊசலைப் போல ஆடுகிற தினுசு. வேகமாக வளைகையில் வெளிப்பக்கத்துச் சக்கரம் உள்ளே மடங்கி, செருப்பின் ஓரத்தில் நடக்கிற மனிதனைப் போல டயரின் விளிம்பில் நிற்கும் அபாயம் உண்டு. 1962-ல் அதே வண்டிக்கு டர்போ பூட்டி, 150 குதிரைச் சக்தியுடன் ஸ்பைடர் என்று பெயரிட்டு, வேகப் பிரியர்களுக்கும் விற்றார்கள்.

நான்கு சக்கரத்துக்கும் ஒரே அளவு டயர்தான். வாலை எப்படி அடக்குவது? கம்பெனி கண்ட வழி, காற்று. முன் டயருக்கு 15 பவுண்டு, பின் டயருக்கு 26 பவுண்டு அடிக்கச் சொன்னார்கள். முன் டயர் தொளதொளவென்று இருந்தால் வளைவில் அதுதான் முதலில் வழுக்கும். பின் டயர் விறைப்பாக நின்று வண்டியைத் தாங்கும். கணக்கு சரி. ஆனால் ஒரு குடும்பத்தின் உயிர் இந்தப் பதினொரு பவுண்டு வித்தியாசத்தில் தொங்கியது. பெட்ரோல் பங்கில் காற்றடிக்கிற பையனுக்கு இது தெரியுமா? தொய்ந்த முன் டயரைப் பார்த்தால், உபகாரமாக நினைத்து நான்கையும் ஒன்றாக நிரப்பிவிட மாட்டானா?

1965 நவம்பரில் ரால்ஃப் நேடர் என்ற முப்பத்தொரு வயது வக்கீல் மோட்டார்களின் ஆபத்தைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். முதல் அத்தியாயமே கார்வேர்தான். இந்தக் காற்றுக் கணக்கையும் அவர் விடவில்லை. கம்பெனி அவர் பின்னால் துப்பறிகிறவர்களை ஏவியது. குட்டு வெளிப்பட்டது. 1966 மார்ச்சில் கம்பெனித் தலைவர் ஜேம்ஸ் ரோச் செனட் உபகமிட்டி முன்னால் வந்து மன்னிப்புக் கேட்டார். அதே வருஷம் செப்டம்பரில் மோட்டார் பாதுகாப்புச் சட்டத்தில் ஜனாதிபதி ஜான்ஸன் கையெழுத்திட்டார். அந்தரங்கத்தில் தலையிட்டதற்காக நேடர் போட்ட வழக்கு 1970-ல் 4,25,000 டாலருக்குத் தீர்ந்தது.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 1964-ல் முன்பக்கம் ஒரு நிதானக் கம்பியும் பின்பக்கம் புது வில்லும் சேர்த்தார்கள். 1965 மாடலில் பின் அமைப்பையே மாற்றிவிட்டார்கள். 1972-ல் அமெரிக்க அரசாங்கத்தின் பாதுகாப்பு இலாகா பழைய கார்வேரைப் பரீட்சை செய்து, அந்தக் காலத்து மற்றக் கார்களைவிட அது மோசமில்லை என்று தீர்ப்புச் சொன்னது. நேடர் அதை ஏற்கவில்லை. அதற்குள் 1969-லேயே அந்தக் கார் நின்றுபோயிருந்தது.

இனி ஜெர்மனிக்குப் போவோம். 1963 செப்டம்பரில் பிராங்பர்ட் கண்காட்சியில் போர்ஷே கம்பெனி வைத்த கார்தான் பின்னால் 911 என்று பெயர் வாங்கியது. அதிலும் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால். டயரோ நான்கும் 165 மில்லிமீட்டர். நேரே போகிறவரைக்கும் சாது. வளைவின் நடுவே சட்டென்று காலை எடுத்தால் வால் வீசிவிடும். முதலில் செய்த வைத்தியம் சிரிப்பை வரவழைக்கும். முன் பம்பரின் இரு முனைகளிலும் பதினொரு கிலோ வீதம் இரும்பை ஒளித்து வைத்தார்கள்! 1969 மாடலில் இரண்டு அச்சுகளுக்கும் இடையே 57 மில்லிமீட்டர் நீட்டினார்கள். குணம் கொஞ்சம் தெரிந்தது.

சரியான மருந்து 1972 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் வந்த காரெரா ஆர்.எஸ். காரில் கிடைத்தது. 210 குதிரைச் சக்தி. முன்னால் 185/70 டயர், பின்னால் 215/60. இந்த எண்களைப் படிக்கத் தெரிந்துகொள்வது ஒரு சுகம். முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு பக்கச்சுவரின் உயரம் என்பது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 185-ல் 70 பங்கு, 129.5. 215-ல் 60 பங்கு, 129. அகலம் 30 மில்லிமீட்டர் கூடியும் உயரம் அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம்! சக்கரம் பதினைந்து அங்குலமாகவே இருக்க, வண்டியின் நிலை மாறாமல் பின் பிடிப்பு மட்டும் வளர்ந்தது. காற்றடிக்கிறவன் தயவில் இருந்த வித்தியாசம் இங்கே ரப்பரிலேயே அடங்கிவிட்டது. 500 கார் விற்றால் போதும் என்று தொடங்கியவர்கள் 1,580 செய்தார்கள்.

அளவைப் போலவே ஜாதியும் முக்கியம். பழைய டயரில் நூல்கள் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்து ஓடும். பிரான்ஸில் மிஷெலின் கம்பெனியில், முதலில் அச்சுக்கூடப் பகுதியில் வேலைக்குச் சேர்ந்த மாரியுஸ் மிஞோல் என்பவர், டயர் சூடாவதற்குக் காரணம் தேடிப் பக்கச்சுவர் முழுவதும் வெறும் கம்பிகளாக ஒரு விசித்திர டயர் செய்தார். அதற்கு ‘ஈக்கூண்டு’ என்று பெயர். அதிலிருந்து பிறந்ததுதான், 1946-ல் உரிமை பதிந்த ரேடியல் டயர். நூல்கள் விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேரே ஓட, மேலே எஃகுப் பட்டை. வளைவில் அதன் பிடிப்பு பழையதைவிட உறுதி. உறுதி இருந்தால் ஆபத்தும் உண்டு. சிக்கனத்துக்காக இரண்டே ரேடியல் வாங்கி முன்னால் போட்டுவிட்டுப் பின்னால் பழைய ஜாதியை விட்டால், முன் பக்கம் கெட்டியாகப் பிடிக்கும், வால் வீசும். இங்கிலாந்தில் இந்தச் சேர்க்கை சட்ட விரோதம். பின்னால் ரேடியலும் முன்னால் பழையதுமானால் சட்டம் தடுப்பதில்லை. காரணம், நேயர்களுக்கு இப்போது விளங்கியிருக்கும்.

அகலம் கூடக்கூட நல்லதுதானே என்று கடையில் கேட்பவர்கள் உண்டு. காய்ந்த சாலையில் அகலத்துக்குப் பலன் உண்டு. மழையில் அதே அகலம் தண்ணீரை ஒதுக்கத் திணறி, பலகையைப் போல மிதக்கப் பார்க்கும். முன் டயரை மட்டும் அகலமாக்கினாலோ, சூத்திரத்தையே தலைகீழாக்கின பாவம் வந்து சேரும். பனிநாட்டில், வண்டி நகர வேண்டுமே என்று பின்னால் மட்டும் பனி டயர் போட்டுக்கொண்டவர்கள், திரும்பவும் நிற்கவும் முன் டயர் வேண்டும் என்பதைச் சறுக்கிய பிறகு கண்டார்கள்.

2018 இறுதியில் வந்த போர்ஷே 911-ல் முன் டயர் 245, பின் டயர் 305. முன் சக்கரம் 20 அங்குலம், பின் சக்கரம் 21. மூதாதையின் 165-ஐ எண்ணிப் பார்த்தால் பின் டயர் மட்டும் 140 மில்லிமீட்டர் பெருத்திருக்கிறது. வால் வீசினால் தடுக்க மின்சார மூளையும் இருக்கிறது. ஆனால் அந்த மூளை டயரிடம் இருக்கும் பிடிப்பைத்தான் பங்கு போட முடியும். இல்லாததை உண்டாக்க முடியாது.

கார்வேர் குற்றவாளியா, இல்லையா என்ற விவாதம் ஓயவில்லை. எனக்குத் தோன்றுவது இதுதான்: கணக்குத் தெரிந்தவன் செய்ய வேண்டிய காரியத்தை, கணக்குத் தெரியாதவன் தலையில் ஒரு சின்னக் குறிப்பாகக் கட்டிவிடக் கூடாது. இருந்தாலும் நாமும் நம் பங்கைச் செய்யலாம். கார்க் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். முன்னுக்கு இத்தனை, பின்னுக்கு இத்தனை என்று. இரண்டே டயர் புதிதாக வாங்குகிறவர்கள் அவற்றைப் பின்னால் போட வேண்டும் என்று டயர்க் கம்பெனிக்காரர்களே சொல்கிறார்கள். அடுத்த தடவை காற்றடிக்க நிறுத்தும்போது அந்தச் சீட்டை ஒரு முறை படியுங்கள். அரை நிமிஷம் ஆகும்.