ஹேக்கன்சாக் கூடம்: ஒரு ஜாஸ் ஒலிப்பதிவுக்கூடத்தின் வரலாறு

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், நியூயார்க் நகரத்திலிருந்து ஆற்றைக் கடந்தால் சிறிது தொலைவில் ஹேக்கன்சாக் என்ற ஊர் இருக்கிறது. 1950களில் ஜாஸ் இசையின் மிகச் சிறந்த பதிவுகளில் பல அவ்வூரில் ஒரு வீட்டுக் கூடத்தில் உருவாயின. அது ரூடி வான் கெல்டர் என்பவரின் பெற்றோர் 1946இல் கட்டிய வீடு. மகனுக்கு ஒலிப்பதிவில் இருந்த ஆர்வத்தை அறிந்து, கூடத்தை ஒட்டி ஒரு சிறு அறையையும், இரண்டுக்கும் நடுவே கண்ணாடிச் சன்னலையும் வைத்துக் கட்டினார்கள். கலைஞர்கள் கூடத்தில் வாசிக்க, அந்த அறையில் கருவிகளோடு அமர்ந்து அவர் பதிவு செய்தார்.

1924இல் பிறந்த வான் கெல்டர் முறைப்படி படித்தது கண் பரிசோதனை. பகலில் நோயாளிகளின் பார்வையைச் சோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். அதில் வந்த வருமானத்தை மைக்குகளுக்கும் ஒலிநாடாக் கருவிகளுக்கும் செலவிட்டார். ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம் தயாரித்த யு47 மைக்கை அமெரிக்காவில் முதன்முதலாகப் பயன்படுத்தியவர்களில் அவரும் ஒருவர். கருவிகளைத் தொடும்போது கையுறை அணிவார். எந்த மைக்கை எங்கே வைக்கிறார் என்பதை வெளியாரிடம் சொல்லமாட்டார்.

அந்தக் கூடத்தின் காலம் ஜாஸ் இசைத்தட்டின் வடிவம் மாறிய காலமும் ஆகும். அதுவரை புழக்கத்தில் இருந்த, நிமிடத்துக்கு 78 முறை சுழலும் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிட இசைதான் அடங்கும். மேடையில் கால் மணி நேரம் கற்பனையாக வாசிக்கக்கூடிய கலைஞர், தட்டுக்காக வாசிக்கும்போது மெட்டின் ஒரு சுற்றோடு நிறுத்த வேண்டியிருந்தது. 1948இல் கொலம்பியா நிறுவனம் நெடுநேர இசைத்தட்டை வெளியிட்ட பிறகு அந்தக் கட்டாயம் நீங்கியது. ஒலிநாடாவும் சேர்ந்துகொண்டதால், ஒரு கலைஞர் தம் சிந்தனையை முழுமையாக வளர்த்துச் சொல்லிமுடிக்கும் இடம் பதிவிலும் கிடைத்தது.

வான் கெல்டரின் திறமையைக் கண்டுகொண்டவர் ஆல்ஃபிரட் லயன். பெர்லினில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய இவர் 1939இல் புளூ நோட் நிறுவனத்தைத் தொடங்கினார். சாக்ஸபோன் கலைஞர் கில் மெல்லேயின் பதிவு ஒன்றைக் கேட்டு, அதே ஒலி தமக்கும் வேண்டும் என்று தாம் வழக்கமாகப் போகும் கூடத்து ஒலிப்பதிவாளரிடம் கேட்டார். அந்த ஒலியை உண்டாக்கியவரிடமே போவது நல்லது என்று பதில் வந்தது. 1953 முதல் புளூ நோட் பதிவுகள் ஹேக்கன்சாக்குக்கு வந்தன. பிரெஸ்டிஜ் போன்ற பிற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. பியானோ மேதை தெலோனியஸ் மங்க் தம் இசையமைப்பு ஒன்றுக்கு ‘ஹேக்கன்சாக்’ என்றே பெயரிட்டார்.

ஒரே கூடத்தில், ஒரே ஒலிப்பதிவாளரிடம், பெரும்பாலும் அதே கலைஞர்கள் வாசித்தும், நிறுவனத்துக்கு நிறுவனம் இசை உருவான முறை வேறாக இருந்தது. பிரெஸ்டிஜ் நிறுவனர் பாப் வைன்ஸ்டாக்குக்கு ஒத்திகையில் நம்பிக்கை இல்லை. கலைஞர்கள் நேராக வந்து, தெரிந்த மெட்டுகளை அந்த நேரத்து உணர்ச்சியோடு வாசிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ஐவர் குழு 1956 மே 11, அக்டோபர் 26 ஆகிய இரண்டே நாட்களில் நான்கு இசைத்தட்டுகளுக்கான இசையைப் பதிவு செய்தது. கொலம்பியாவுக்கு மாறிவிட்ட டேவிஸ், பிரெஸ்டிஜுக்குத் தரவேண்டிய கடமையை முடிக்க விரும்பினார். குழுவினர் இரவு விடுதியில் வாசிப்பதுபோலவே ஒன்றன்பின் ஒன்றாக வாசித்துச் சென்றார்கள். ஏறக்குறைய எல்லாமே முதல் முறை வாசித்தவை. பாடல்களுக்கு நடுவே டேவிஸ் கரகரத்த குரலில் பேசுவது ‘ரிலாக்சின்’ தட்டில் இன்றும் கேட்கிறது.

லயனின் வழி இதற்கு நேர்மாறானது. பதிவுக்கு முன் ஒத்திகை பார்க்கச் சொல்லி, அந்த நாட்களுக்கும் கலைஞர்களுக்குச் சம்பளம் கொடுத்தார். பழைய மெட்டுகளைவிடக் கலைஞர்கள் தாமே இயற்றிய புதிய இசையை அவர் விரும்பினார். ஜான் கோல்ட்ரேன் 1957 செப்டம்பர் 15 அன்று பதிவு செய்த ‘புளூ டிரெய்ன்’ இதற்குச் சான்று. அதிலுள்ள ஐந்து உருப்படிகளில் நான்கு அவரே இயற்றியவை. கோல்ட்ரேனின் சாக்ஸபோன், 19 வயது லீ மார்கனின் டிரம்பெட், கர்டிஸ் ஃபுல்லரின் டிராம்போன் ஆகிய மூன்றும் ஒரே மூச்சாகச் சேர்ந்து ஒலிக்கும் தொடக்கம், ஒத்திகை இல்லாமல் வந்திருக்க முடியாது. முன்கூட்டியே தீர்மானித்த கட்டமைப்பும், அதற்குள் அந்தக் கணத்தில் பிறக்கும் கற்பனையும் சேர்ந்ததுதான் புளூ நோட் பாணி எனப்பட்டது.

இரண்டு வழிகளுக்கும் பொதுவான கட்டுப்பாடு ஒன்று இருந்தது. அனைவரும் ஒரே அறையில், ஒருவர் ஒலி மற்றவர் மைக்கில் கசிய, ஒரே நேரத்தில் வாசித்தார்கள். அந்த ஒலி நேரடியாக ஒன்று அல்லது இரண்டு தடங்களில் பதிவாயிற்று. எந்தக் கருவி எவ்வளவு உரக்கக் கேட்க வேண்டும் என்பதை வான் கெல்டர் வாசிப்பு நடக்கும்போதே முடிவு செய்தார். பின்னால் திருத்த வழியில்லை. நாடாவிலிருந்து தட்டுக்கான மூல அச்சையும் அவரே வெட்டி, தட்டின் நடுவே இசை முடியும் இடத்தில் தம் பெயரின் முதலெழுத்துகளைப் பொறித்தார். கலைஞரின் மூச்சு பக்கத்தில் கேட்பதுபோன்ற நெருக்கம் அவர் பதிவின் அடையாளமானது. பியானோவின் ஒலியில் குறை கண்டவர்களும் இருந்தார்கள். பேஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸ் அவரது ஒலிப்பதிவை வெளிப்படையாகவே குறைகூறினார்.

1959 ஜூலையில் வான் கெல்டர் அருகிலுள்ள எங்கிள்வுட் கிளிஃப்ஸில் புதிய ஒலிப்பதிவுக்கூடத்துக்குக் குடிபெயர்ந்தார். கண் பரிசோதனைத் தொழிலையும் அந்த ஆண்டோடு விட்டுவிட்டார். கட்டடக்கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட்டின் வழியில் வந்த டேவிட் ஹென்கன் புதிய கூடத்தை வடிவமைத்தார். சுமார் 39 அடி உயரத்துக்கு மர வளைவுகள் எழுந்து கூரையைத் தாங்கின. உள்ளே நுழைந்தவர்கள் அதைத் தேவாலயத்தோடு ஒப்பிட்டார்கள். உயர்ந்த கூரை ஒலிக்கு விரிவு கொடுத்தது.

கோல்ட்ரேன் ‘எ லவ் சுப்ரீம்’ இசையை 1964 டிசம்பர் 9 அன்று அங்கேதான் பதிவு செய்தார். நான்கு பகுதிகள் கொண்ட அந்தப் படைப்பு முழுதும் அதே நாளில் முடிந்தது. அறையின் விளக்குகள் மங்கலாக்கப்பட்டிருந்தன. பியானோவில் மெக்காய் டைனர், பேஸில் ஜிம்மி கேரிசன், டிரம்ஸில் எல்வின் ஜோன்ஸ். முதலில் ஒரு சேகண்டி ஒலி. பிறகு கேரிசன் நான்கு சுரங்கள் கொண்ட ஒரு சிறு தொடரை எடுக்கிறார். கோல்ட்ரேன் அந்தத் தொடரை ஒவ்வொரு சுருதியாக மாற்றி, பன்னிரண்டு சுருதிகளிலும் வாசித்துக் காட்டுகிறார். பின்னர் அதே தொடரைக் குரலால் ஓதுகிறார். கடைசிப் பகுதியில், தாம் எழுதிய இறைவேண்டல் கவிதையின் சொற்களை அசை பிசகாமல் சாக்ஸபோனில் வாசிக்கிறார், வாய்விட்டுச் சொல்லவில்லை. பக்தியை வாத்தியத்தால் உரைத்த அந்த வாசிப்பு, ஜாஸ் கலைஞர் ஒருவர் இசைத்தட்டை முழுப் படைப்பாகவே எண்ணி இயற்றியதற்கு உயர்ந்த எடுத்துக்காட்டு.

அதே ஆண்டு பிப்ரவரியில் சாக்ஸபோன் கலைஞர் எரிக் டால்ஃபி ‘அவுட் டு லஞ்ச்’ பதிவை அங்கே செய்தார். டிசம்பரில் சாக்ஸபோன் கலைஞர் வெய்ன் ஷார்ட்டரும் அடுத்த ஆண்டு மார்ச்சில் பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக்கும் தம் புதிய இயற்றல்களோடு வந்தார்கள். பழைய மெட்டை மேடையேற்றும் வாசிப்பாளராக அறியப்பட்ட ஜாஸ் கலைஞர், இப்போது இசையமைப்பாளராகவும் நிலைபெற்றார். லயனின் ஊதியத்தோடு கூடிய ஒத்திகையும் நெடுநேர இசைத்தட்டும் அதற்கு வழி செய்தன.

1965இல் புளூ நோட் லிபர்ட்டி நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 1967இல் லயன் ஓய்வு பெற்றார். வான் கெல்டர் தொடர்ந்து பதிவு செய்தார். 1990களின் இறுதியிலிருந்து தம் பழைய நாடாக்களைத் தாமே செம்மைப்படுத்திக் குறுந்தகடுகளாகத் தந்தார். 2009இல் அமெரிக்க அரசின் கலை நிதியம் அவருக்கு ‘ஜாஸ் மாஸ்டர்’ விருது வழங்கியது. 2016 ஆகஸ்ட் 25 அன்று, 91ஆம் வயதில், ஒலிப்பதிவுக்கூடத்தை ஒட்டிய வீட்டில் அவர் காலமானார். ஹேக்கன்சாக் வீடு இடிக்கப்பட்டுவிட்டது. எங்கிள்வுட் கிளிஃப்ஸ் கூடம் அமெரிக்காவின் வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் 2022இல் சேர்க்கப்பட்டது.