தம்பி துப்பறிந்த கதை

தைப்பிங் மியூசியம் எங்க ஊர்க்காரர்களுக்கு யானை எலும்புக்கூடு பார்க்கிற இடம். 1930களில் அங்கே வேலை பார்த்த மானுடவியலாளர் பேட் நூன், அஞ்சாங் என்ற தெமியார் பெண்ணை மணந்து காட்டிலேயே வாழ்ந்தவர். ஜப்பான்காரன் காலத்தில், 1943ல், காணாமல் போனார்.

தேடியவர் தம்பி ரிச்சர்ட். தெமியார் மக்கள் பல வருஷம் வாய் திறக்கவில்லை. கடைசியில் அவர் கண்ட முடிவு: அஞ்சாங்கை முன்னிட்டு, அண்ணனின் உற்ற தெமியார் நண்பன் ஊடாவே ஊதுகுழல் விஷ அம்பால் கொன்றுவிட்டான்.

எனக்கு இடறுவது ஒன்று. அவசரகாலத்தில் ரிச்சர்ட்தான் பூர்வகுடி இலாகாவின் தலைவர். மருந்துக்கும் பாதுகாப்புக்கும் அந்த மக்கள் நிற்க வேண்டியது அந்த இலாகாவின் வாசலில். அப்படிப்பட்ட துரை கேட்டு வாங்கிய பதிலை எப்படி எடை போடுவது? ஊடாவை விசாரித்த கோர்ட்டும் இல்லை, உடலும் இல்லை.

1967ல் கேமரன் மலையில் பட்டு வியாபாரி ஜிம் தாம்சன் காணாமல் போனபோதும் தேட வந்தவர்களில் ரிச்சர்ட் ஒருவர். தாம்சனும் கிடைக்கவில்லை.