எண்ணெயைத் தள்ளிய கரண்ட்

1942இன் தொடக்கத்தில் ஜேர்மன் நீர்மூழ்கிகள் அமெரிக்காவின் கிழக்குக் கரையோரம் எண்ணெய்க் கப்பல்களை வரிசையாக மூழ்கடித்தன. மாலுமிகள் செத்தார்கள், கரையில் எண்ணெய்த் தட்டுப்பாடு. அதனால் தரைவழியாகப் போடப்பட்டதுதான் 'பிக் இஞ்ச்'. ரெக்சாஸிலிருந்து கிழக்கே 1,200 மைலுக்கும் கூடுதலான தூரம், 24 அங்குலக் குழாய். 1942 ஓகஸ்டில் வேலை தொடங்கி, அடுத்த ஓகஸ்டில் பென்சில்வேனியாவுக்கு எண்ணெய் வந்துசேர்ந்தது.

இந்தக் கதையில எல்லாரும் உருக்கைப் பற்றித்தான் பேசுவினம். ஆனால் குழாய்க்குள்ள எண்ணெய் தானாக ஓடாது. உராய்வு அழுத்தத்தைத் தின்னும். இடையில அப்பலாச்சியன் மலைகள் வேற. ஆகவே ஏறத்தாழ 50 மைலுக்கு ஒரு பம்பி நிலையம். பம்பிகளைச் சுழற்றியவை 1,500 குதிரைவலு மின்மோட்டர்கள். ஒரு பம்பி ஏற்றிய அழுத்தத்தின் மேல் அடுத்தது ஏற்றும். நிலையம் ஒன்றில் கரண்ட் நின்றால் பின்னால் அழுத்தம் ஏறும், முன்னால் ஓட்டம் குறையும்.

அந்தக் கரண்டைத் தந்தவை வழியிலிருந்த ஊர்களின் மின்கம்பனிகள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் பீப்பாய் நகர்ந்தது அவற்றின் கம்பிகளை நம்பித்தான். 1947இல் விற்கப்பட்ட குழாய் பிறகு இயற்கை வாயுவைக் கொண்டுபோனது. யுத்த வரலாறு எழுதுறவை அந்த மின்நிலையத் தொழிலாளரையும் கணக்கில சேர்க்க வேணும்.