ஆர்க்கிட் வேரும் மண்டபத்துப் பாசியும்

காரிமங்கலத்தில் இருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் கடலைப் பார்க்கப் பல மணி நேரம் பயணம் செய்ய வேண்டும். தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே, தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் ஊர் அது. மாமரமும் தென்னையும் தெரிந்த பூமி, கடல் தெரியாத பூமி. ஆனால் இப்படிப்பட்ட உள்நாட்டு ஊர்களின் விவசாயிகள் வரைக்கும் இன்று கடல் ஒரு பாட்டிலுக்குள் வந்து சேர்ந்துவிட்டது. கரும்பழுப்பு நிறம், லேசான கடல் வாடை. கடற்பாசிச் சாறு என்று பெயர். தக்காளிக்கும் நெல்லுக்கும் தெளிக்கிறார்கள். வீட்டில் ஆர்க்கிட் வளர்ப்பவர்களோ செடியைத் தொட்டி மாற்றும்போது அதன் வேரை இந்தச் சாறு கலந்த நீரில் நனைத்து வைக்கிறார்கள். வேர் நன்றாக ஓடும் என்பது நம்பிக்கை.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? அதில் எவ்வளவு உண்மை? இதற்குப் பதில் தேடிப் போனால் வங்காளத்துச் சணல், தென்னாப்பிரிக்கக் கடல், நம் ராமநாதபுரத்துப் பெண்கள் என்று கதை எங்கெங்கோ போகிறது.

ஆர்க்கிட்டுக்கு ஏன் வேர் முக்கியம்?

ஆர்க்கிட்டில் பல வகைகள் மண்ணில் வளர்வதில்லை. மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வாழ்கின்றன. மரத்தை அவை உறிஞ்சுவதில்லை, அதனால் ஒட்டுண்ணி என்று சொல்வது தவறு. வாண்டா டெஸ்ஸெல்லேட்டா என்ற ஆர்க்கிட் சமவெளியில் மாமரத்தின் மேல்கூட வளரும். நம் பக்கத்து மாவட்டமான சேலத்தில், ஏற்காட்டில், இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் பூங்கா ஒன்று 1960களில் இருந்து இயங்கி வருகிறது. அங்கே போனவர்கள் காற்றில் தொங்கும் வேர்களைப் பார்த்திருப்பார்கள்.

அந்த வேரின் மேல் வெலாமன் என்ற பஞ்சு போன்ற உறை உண்டு. காய்ந்திருந்தால் வெள்ளையாகவும் நனைந்தால் பச்சையாகவும் தெரியும். மழை பெய்யும் சில நிமிடங்களில் கிடைக்கும் நீரையும் அதில் கரைந்த சத்தையும் அந்த உறை பிடித்துக்கொள்ளும். வேர் அழுகினால் இலை எவ்வளவு பச்சையாக இருந்தாலும் செடி மெல்ல மெல்லச் செத்துவிடும். அதனால்தான் ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் பூவைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் வேரைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள்.

சணல் தட்டுப்பாட்டில் பிறந்த திரவம்

கடற்பாசியை உரமாகப் போடுவது புதிய விஷயம் அல்ல. பிரான்ஸ், ஸ்காட்லாந்து, அயர்லாந்து கரையோரங்களில் பல நூற்றாண்டுகளாகப் போட்டிருக்கிறார்கள். நம் கடற்கரைத் தென்னந்தோப்புகளிலும் ஒதுங்கிய பாசியைத் தென்னைக்குப் புதைக்கும் வழக்கம் உண்டு. ஆனால் ஈரப்பாசியில் பெரும்பங்கு தண்ணீர்தான். அதை வண்டியில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோனால் உரத்தின் விலையை விட வண்டிக்கூலி அதிகமாகிவிடும். எனவே பாசி உரம் கடற்கரையைத் தாண்டவே இல்லை.

அந்த எல்லையை உடைத்தது இரண்டாம் உலகப் போர். அப்போது பிரிட்டனுக்குச் சணல் இந்தியாவில் இருந்து, முக்கியமாக வங்காளத்தில் இருந்துதான் போனது. போரால் நார்ப்பொருட்களுக்குத் தட்டுப்பாடு வந்தது. கடற்பாசியில் இருந்து நார் எடுக்க முடியுமா என்று பார்க்கும் வேலை ரெஜினால்ட் மில்டன் என்ற உயிர்வேதியியலாளரிடம் வந்தது. நார் முயற்சி பலிக்கவில்லை. ஆனால் பாசியைத் திரவமாக்கும் வழி அவருக்குப் பிடிபட்டது. காரம் சேர்த்து, அழுத்தத்தில், சூடாக்கிக் கரைக்கும் முறை அது. 1949 வாக்கில் உருவான இந்த முறைக்கு 1952-இல் பிரிட்டிஷ் காப்புரிமை கிடைத்தது. மாக்ஸிக்ராப் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த திரவத்துக்கு இதுவே அடிப்படை. வண்டி நிறையச் சுமக்க வேண்டிய பாசி இப்போது ஒரு பாட்டிலில் அடங்கியது. செலவுக் கணக்கு மாறியதும் கடற்பாசி ஊர் தாண்டிப் போக ஆரம்பித்தது.

வேர் என்ற பேச்சு வந்தது எப்போது?

வணிகம் வளர்ந்த அளவுக்கு விளக்கம் வளரவில்லை. இந்தத் திரவத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகக் குறைவு. அதையும் பல நூறு மடங்கு தண்ணீரில் கலந்துதான் தெளிக்கிறார்கள். அப்படியென்றால் செடி எதனால் வளர்கிறது? இது வெறும் பேச்சு என்று பல விஞ்ஞானிகள் ஒதுக்கினார்கள்.

பதிலின் ஒரு பகுதி தென்னாப்பிரிக்காவில் கிடைத்தது. அங்கே எக்லோனியா மாக்ஸிமா என்ற பெரிய பழுப்புப் பாசி வளர்கிறது. அதைச் சூடாக்காமல், ரசாயனம் சேர்க்காமல், அழுத்த வேறுபாட்டால் செல்களை வெடிக்கச் செய்து சாறு எடுத்தார்கள். கெல்பாக் என்ற பெயரில் அது விற்கப்பட்டது. ஃபின்னி, வான் ஸ்டாடன் ஆகிய இருவரும் 1985-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சோதனைக் கூடத்தில் வளர்த்த தக்காளி வேருக்கு இந்தச் சாற்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். மிகவும் நீர்த்த சாறு வேரை வளர்த்தது. அடர்த்தியான சாறு வேரின் வளர்ச்சியைத் தடுத்தது. சாற்றை எரித்துச் சாம்பலாக்கிக் கொடுத்தபோது பலன் போய்விட்டது. எரித்தால் உப்புகள் மிஞ்சும், கரிமப் பொருட்கள் அழியும். எனவே வேலை செய்தது தாது உப்பு அல்ல, ஆக்ஸின், சைட்டோகைனின் போன்ற வளர்ச்சி ஊக்கிகளைப் போன்ற பொருட்களே என்ற கருத்து பலம் பெற்றது. கெல்பாக் சாற்றில் வேரைத் தூண்டும் ஆக்ஸினின் பங்கு அதிகம். ஆர்க்கிட் பிரியர்கள் அதைத் தேடி வாங்குவதற்குக் காரணம் இதுதான்.

அதாவது இந்தச் சாறு செடிக்குச் சோறு அல்ல, ஒரு சமிக்ஞை. சமிக்ஞையைக் கூட்டினால் பலன் கூடாது, கெடும். வேருக்கு நல்லது என்று ஒரு மூடிக்குப் பதில் நாலு மூடி ஊற்றுகிறவர் தன் கையாலேயே வேரை நிறுத்துகிறார்.

மண்டபத்தின் பங்கு

இனி நம் ஊருக்கு வருவோம். இந்தியப் பாசியியலின் தந்தை எனப்படும் எம்.ஓ.பார்த்தசாரதி அய்யங்கார், பாம்பன் அருகே உள்ள குருசடைத் தீவின் பாசிகளைப் பற்றி 1927-இலேயே எழுதிவிட்டார். 1954-இல் பாவ்நகரில் தொடங்கப்பட்ட மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையத்துக்குப் பின்னாளில் மண்டபத்தில் ஒரு பாசி ஆய்வு மையம் அமைந்தது.

பிலிப்பைன்ஸைச் சேர்ந்த காப்பாஃபைகஸ் என்ற பாசி 1984-இல் ஜப்பான் வழியாக இந்தியா வந்தது. முதலில் குஜராத் கடலிலும், 1990களில் மண்டபத்திலும் வளர்த்துப் பார்த்தார்கள். 2000-த்தை ஒட்டி பெப்சிகோ நிறுவனம் இதில் இறங்கியது. அதனால் கரையோர மக்கள் அதற்கு வைத்த பெயர் 'பெப்சி பாசி'! மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் மூங்கில் மிதவையில் விதைப்பாசியைக் கட்டிக் கடலில் விட்டால் 45 நாளில் அறுவடை. ஒருவருக்கு 45 மிதவைகள் இருந்தால் தினம் ஒன்றாக அறுக்கலாம் என்பது கணக்கு.

பெப்சிகோவுக்கு வேண்டியது காராஜீனன் என்ற கெட்டிப்படுத்தும் பொருள். அதற்குப் பாசியைக் காய வைப்பார்கள், சாறு ஆவியாகிப் போகும். பாவ்நகர் நிலையத்தின் விஞ்ஞானிகள் பச்சைப் பாசியை அரைத்துச் சாற்றைத் தனியாகப் பிழிந்தார்கள். சாறு வயலுக்கு, சக்கை காராஜீனனுக்கு. இதற்கு 2005-இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. காஸ்ட் அக்கவுண்டிங்கில் 'கூட்டுப் பொருள்' என்று சொல்வார்களே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம். ஒரே மூலப்பொருள், இரண்டு சரக்கு. 2008-இல் இந்தத் தொழில் பெப்சிகோவிடம் இருந்து அக்வாக்ரி என்ற நிறுவனத்துக்கு மாறியது. பின்னர் இஃப்கோ அதனுடன் சேர, 'சாகரிகா' என்ற பெயரில் சாறு நாடெங்கும் போனது.

பாட்டிலில் எழுதாத பெயர்கள்

இந்த வரலாற்றில் பெப்சிகோவுக்கு முன்பே கடலில் இறங்கியவர்கள் ராமநாதபுரம் கரையோரப் பெண்கள். மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று இயற்கைப் பாசிகளுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்களே ஒரு பாடப் புத்தகம். காலில் தகட்டைக் கட்டி, கைவிரல்களில் துணியைச் சுற்றி, மூச்சை அடக்கி மூழ்கிப் பாசி பறிப்பார்கள். 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவானபோது அவர்களின் பறிக்கும் இடமே தடை செய்யப்பட்ட இடமானது. பாசி அழியக்கூடாது என்று மாதத்தில் 12 நாள் மட்டும் பறிப்பது எனத் தங்களுக்குத் தாங்களே வரம்பு போட்டுக்கொண்டவர்கள் இவர்கள். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி என்ற பாசி பறிக்கும் பெண்ணுக்கு 2015-இல் அமெரிக்காவின் சீகாலஜி விருது வழங்கப்பட்டது.

வளர்ப்புப் பாசியும் சிக்கல் இல்லாதது அல்ல. 2008-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குருசடைத் தீவின் பவளப்பாறைகள் மேல் அந்த அந்நியப் பாசி படர்ந்திருப்பதைப் பதிவு செய்தார்கள். 2013-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நீரின் வெப்பத்தாலும் நோயாலும் வளர்ப்புப் பாசி பெருமளவு அழிந்து, அதை நம்பிய குடும்பங்களின் வருமானம் விழுந்தது.

கடைசியாக ஒரு கேள்வி

பல ஆண்டுகள் இந்தியாவில் இத்தகைய திரவங்களுக்கு எந்தத் தரக்கட்டுப்பாடும் இருக்கவில்லை. 2021 பிப்ரவரியில்தான் இவை 'உயிர் ஊக்கி' என்ற பெயரில் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்தன. சுமார் 30,000 உயிர் ஊக்கிகள் கட்டுப்பாடின்றி விற்கப்பட்டு வந்ததாகவும், சோதனைகளுக்குப் பின் அது 650 அளவுக்குக் குறைந்ததாகவும் 2025-இல் மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சவுகான் கூறினார். அத்தனை பாட்டில்களுக்கும் யாரோ ஒரு விவசாயி பணம் கொடுத்திருக்கிறார்.

மில்டன் சூட்டில் கரைத்த சாறு வேறு, தென்னாப்பிரிக்காவில் செல்லை வெடிக்க வைத்து எடுத்த சாறு வேறு, மண்டபத்தில் பச்சையாகப் பிழிந்த சாறு வேறு. மூன்றுக்கும் பெயர் ஒன்றுதான். எனவே வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி 'இது கடற்பாசியா?' என்பது அல்ல. 'எந்தப் பாசி, எப்படி எடுத்தது, எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு?' என்பதே. ஏற்காட்டு ஆர்க்கிட் ஆனாலும் காரிமங்கலத்துத் தக்காளி ஆனாலும், பணத்தையும் வேரையும் காப்பாற்றப் போவது அந்தக் கேள்விதான்.