'ஏ. ஹெச். செக்கர்': முதல் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தின் ஒரு பெயர்

1872 மார்ச் 16 அன்று லண்டன் கென்னிங்டன் ஓவலில் வாண்டரர்ஸ் கழகம் ராயல் எஞ்சினியர்ஸை 1-0 என வென்று முதல் எஃப்.ஏ. கோப்பையைக் கைப்பற்றியது. கோல் அடித்தவர் மார்ட்டன் பீட்டோ பெட்ஸ். அணிப்பட்டியலில் அந்தப் பெயரைத் தேடினால் கிடைக்காது. அங்கே இருப்பது 'ஏ. ஹெச். செக்கர்'.

இதற்கு ஒரு விளக்கம் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. பெட்ஸ் ஹாரோ செக்கர்ஸ் கழகத்தவர். அந்தக் கழகமும் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தது; முதல் சுற்றில் வாண்டரர்ஸோடு மோத வேண்டியிருந்தபோது ஆடாமலே விலகிவிட்டது. ஒருவர் இரண்டு கழகங்களுக்கு ஆடக்கூடாது என்பது விதி. ஆகவே பெட்ஸ் தன் பெயரை மறைத்துக்கொண்டு களமிறங்கினார் என்பார்கள். இதை மறைப்பு வாசிப்பு என்று அழைக்கிறேன். நூலுக்கு நூல் கைமாறி, இன்று ஐயமற்ற உண்மைபோல் நிற்கிறது. என்னால் இதை ஏற்க முடியவில்லை.

பெயரைப் பதம் பிரித்துப் பார்ப்போம். 'ஏ' என்பது இங்கே தலைப்பெழுத்து அன்று; 'ஒரு' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல். 'ஹெச்' ஹாரோவைக் குறிக்கிறது. சேர்த்துப் படித்தால் 'ஹாரோ செக்கர்ஸ்காரர் ஒருவர்'. தான் எந்தக் கழகத்தவர் என்பதை மறைக்க நினைப்பவர் அந்தக் கழகத்தின் பெயரையே எடுத்துச் சூடிக்கொள்வாரா? இதுவரை எழுதியவர்கள் புனைபெயரை எளிதில் பொருள்கொள்ளக்கூடிய விளையாட்டாக எண்ணி மேலே நகர்ந்துவிட்டார்கள். அது சொல்லும் செய்தியே மறைப்பு வாசிப்புக்கு எதிரான முதல் சாட்சி.

அடுத்தது, யாரிடமிருந்து மறைப்பது? 1871 ஜூலை 20 அன்று 'ஸ்போர்ட்ஸ்மன்' இதழின் அலுவலகத்தில் கால்பந்துச் சங்கத்தின் (எஃப்.ஏ.) செயலர் சார்லஸ் ஆல்காக் இந்தக் கோப்பையை முன்மொழிந்தபோது அறையில் ஏழு பேர் இருந்தார்கள். அவர்களில் பெட்ஸும் ஒருவர். ஆல்காக் வாண்டரர்ஸின் தலைவராக அவரோடு இறுதியாட்டம் ஆடினார். அதே கூட்டத்தில் இருந்தவர்களில் ஆல்ஃப்ரெட் ஸ்டேர் அன்று ரெஃபரி. கிஃபர்ட் அம்பயர்களில் ஒருவர். கேப்டன் மாரின்டின் எதிரணியில் ஆடியவர். விதியைச் செயல்படுத்த வேண்டியவர், ஆட்சேபிக்க வேண்டியவர் என எல்லோருக்கும் பெட்ஸின் முகம் தெரியும். தாளில் பெயரை மாற்றியதால் அவர்கள் கண்ணை மறைத்திருக்க முடியாது.

மறைப்பு வாசிப்பின் வலுவான தூண் விதிதான். அதை நான் தட்டிக்கழிக்கவில்லை. ஒரு கழகத்துக்கு மேல் எவரும் ஆடக்கூடாது என்ற விதி அந்த முதல் பருவத்திலேயே இருந்தது. ஆனால் அது பேசுவது 'ஆடுவதை'ப் பற்றி. உறுப்பினராக இருப்பதைப் பற்றி அன்று. ஹாரோ செக்கர்ஸ் அந்தப் பருவத்தில் கோப்பை ஆட்டம் ஒன்றும் ஆடவில்லை. ஆடாத கழகத்துக்காக ஆடியவர் என்று பெட்ஸை எப்படிக் கணக்கெடுப்பது? பிற்காலத்தில் வேரூன்றிய வீரர் பதிவு, 'கப்-டைட்' (ஒரு கழகத்துக்குக் கோப்பை ஆட்டம் ஆடியவர் அதே பருவத்தில் வேறு கழகத்துக்கு ஆட முடியாமை) போன்ற கருத்துகளைப் பின்னோக்கி ஏற்றிப் படிப்பதால்தான் இந்தக் குழப்பம் என்று நினைக்கிறேன்.

பருவத்தின் மற்ற ஆட்டங்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். நாம் இன்று நாக்அவுட் என்று சொல்லும் கறாரான ஏற்பாடு அப்போது உருவாகியிருக்கவில்லை. பதினைந்து கழகங்கள் பெயர் கொடுத்தன. ஹாரோ செக்கர்ஸ், ரைகேட் பிரையரி, டோனிங்டன் பள்ளி மூன்றும் ஒரு ஆட்டமும் ஆடவில்லை. கிரிஸ்டல் பேலஸும் ஹிட்சினும் 0-0 என முடித்தன; இரண்டுமே அடுத்த சுற்றுக்குப் போயின. பார்ன்ஸும் ஹாம்ப்ஸ்டெட் ஹீதன்ஸும் சமன் செய்தபோதோ மறு ஆட்டம் நடந்தது. முடிவு ஒன்று, தீர்ப்பு இரண்டு. சமனை என்ன செய்வது என்பது குழுவின் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தது. வாண்டரர்ஸும் கிரிஸ்டல் பேலஸோடு சமன் செய்துதான் அரையிறுதிக்கு ஏறியது.

கிளாஸ்கோவின் குயின்ஸ் பார்க் கதை நெஞ்சை உறுத்துவது. கோப்பை வாங்க ஒரு கினி கொடுத்த கழகம் அது. டோனிங்டன் பள்ளியோடு இரண்டு முறை சேர்க்கப்பட்டும் ஆட்டம் நடக்காமலே அரையிறுதிக்கு வந்தது. ஓவலில் வாண்டரர்ஸை 0-0 என நிறுத்தியது. மறு ஆட்டம் வரை லண்டனில் தங்கவோ திரும்பி வரவோ பணமில்லை, விலகிக்கொண்டது. இவ்வளவு நெகிழ்வாக நடந்த பருவத்தில் ஒருவர் மட்டும் சட்டத்துக்கு அஞ்சி முகமூடி போட்டார் என்பது பொருந்தவில்லை.

அப்படியானால் புனைபெயர் ஏன்? இங்கே சான்று மெலிந்துதான் இருக்கிறது. அக்காலத்துக் கனவான்கள் கிரிக்கெட்டிலும் கால்பந்திலும் வேற்றுப் பெயரில் ஆடுவது புதுமையல்ல. ஆகவே வெறும் வழக்கமாகவும் இருக்கலாம். நான் சற்று மேலே போய் ஒன்று சொல்வேன். விலகி வழிவிட்ட கழகத்தை அதன் உறுப்பினர் இறுதியாட்டம் வரை தன் பெயரிலேயே சுமந்து வந்தார் என்று படிப்பதே அந்தப் பெயரின் சொற்களுக்கு இசைவானது. ஆல்காக்கும் பெட்ஸும் ஹாரோ பள்ளியில் படித்தவர்கள். அதே பள்ளியின் ஆசிரியர் எட்வர்ட் போவனும் அன்று வாண்டரர்ஸுக்கு ஆடினார். ஹாரோக்காரர்களுக்குள் இது உடனே புரியும் வணக்கம். இது என் ஊகம். மெய்ப்பித்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன்.

எதிரணியின் லெப்டினன்ட் கிரெஸ்வெல் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே காறை எலும்பு முறிந்தும் இறுதிவரை களத்தில் நின்றதைப் பலர் எழுதியிருக்கிறார்கள். அதற்குக் கொடுத்த கவனத்தில் கால்பங்கு இந்தப் பெயருக்குக் கிடைத்திருந்தால் மறைப்பு வாசிப்பு இவ்வளவு காலம் நீடித்திருக்காது. பட்டியலை இதழ்களுக்குக் கொடுத்தவர் பெட்ஸா, பத்திரிகையாளராகவும் இருந்த ஆல்காக்கா என்பது தீர்க்கப்படாமலே இருக்கிறது. ஆல்காக் என்றால் வணக்கம் என்னும் வாசிப்பு வலுப்படும். பெட்ஸ் என்றால் வழக்கம் என்பதையும் ஒதுக்க முடியாது. ஆயினும் 1877-இல் இங்கிலாந்துக்காக ஸ்காட்லாந்தை எதிர்த்து ஆடியபோது அவர் தம் சொந்தப் பெயரிலேயே ஆடினார்.